விடிலிக்கு ஒரு கேமரா

மாசி பிறப்பதற்குள் கேமரா கைக்கு வந்துவிட வேண்டும். போன ஐப்பசியில் சீட்டு எடுத்த அன்றே இதை முடிவு செய்துவிட்டேன். மாசியில் பதனீர் இறங்கத் தொடங்கினால் ஆடிக்காற்று வரைக்கும்தான் பருவம். அப்பாவுக்கு 63 வயது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலையும் மாலையும் முப்பது பனை ஏறியவர், இப்போது எட்டு பனைதான் ஏறுகிறார். அடுத்த பருவத்துக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ராதாபுரத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவே இருக்கிறது. செம்மண்ணும் பனையும், அதற்கு மேலே காற்றாலைகளும். அப்பா பனையேறி. நான் காற்றாலை மெயின்டனன்ஸில் டெக்னீஷியன். அவர் ஏறும் உயரம் அறுபது அடி, நான் ஏறுவது எண்பது மீட்டர். எனக்கு உடம்பு முழுக்க பெல்ட், இரட்டைக் கொக்கி, தலைக்கவசம் எல்லாம் உண்டு. அவருக்குக் காலில் இரண்டு பாதத்தையும் பிணைக்கும் நார் வளையமான ஒரு தளைநார், கையில் முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி. இதைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. அதைவிட அதிகமாக எடுக்க ஆசைப்பட்டது அம்மாவை. பனையேறுவதை யாராவது ஒருத்தர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள் அடுப்புப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதனீர் காய்ச்சுகிறவர்களை யாரும் எடுப்பதில்லை. உள்ளே புகை, இருட்டு, வெக்கை. கேமரா கொண்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

போனில் எடுத்துப் பார்க்காமல் இல்லை. இரண்டு பருவம் எடுத்தேன். வெளியே வெயிலில் நன்றாகத்தான் வந்தது. விடிலிக்குள் போனதும் போன் தானாக நைட் மோடுக்குப் போய்விடும். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. அசையாத சட்டி, அடுப்புக்கல் எல்லாம் பளிச்சென்று வரும். அம்மா அகப்பையைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால் கை மட்டும் புகைபோலக் கரைந்துபோகும். இன்னொன்று, இருட்டை இருட்டாக விடாமல் எல்லா மூலையையும் வெளுக்க வைத்துவிடும். தீ வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுகிற அம்மா முகம் டியூப் லைட் போட்ட கூடத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஆகிவிடும். அது எங்கள் விடிலி இல்லை.

சரி, கேமராதான் என்று முடிவானதும் முதலில் போனது வள்ளியூரில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் அத்தானிடம். அக்காவைக் கட்டியவர்.

“அதே காசுக்கு நல்ல மிரர்லெஸ் பாடியும் ரெண்டு லென்ஸும் வாங்கிரலாம் மாப்ள. எதுக்கு லென்ஸு கழட்ட முடியாத கேமராவுக்கு இம்புட்டு கொடுக்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் நான் காற்றாலைக்கு மேலேயும் கொண்டு போக வேண்டும். மேலே ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும். டூல் பைக்குள் ஸ்பானர்களுக்கு நடுவே கேமரா ஒரு மூலையில் அடங்க வேண்டும். அங்கே எந்தப் பொருளும் கயிறு கட்டாமல் வெளியே வரக்கூடாது. எண்பது மீட்டரிலிருந்து நழுவினால் கீழே விழ நாலு செகண்டுதான். கீழே நிற்கிற ஆள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வந்துவிடும். அந்தக் காற்றில், அந்தச் செம்மண் தூசியில் லென்ஸ் மாற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சிறியதாக, மொத்தமாக மூடிய ஒரே பொருளாக இருக்க வேண்டும், உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் மட்டும் பெரியதாக இருக்க வேண்டும். அப்படிக் கேட்டால் உயர்ரக காம்பாக்ட்தான்.

திருநெல்வேலி போய்க் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் அந்தத் தம்பி சொன்னான்: “காம்பாக்டா? அதெல்லாம் இப்ப யாரு அண்ணாச்சி வாங்குதா? போன்லயே எல்லாம் இருக்கே.” வேறு கடைகளிலும் அதே கதை. மாடல் பெயர் சொன்னால் ஆர்டர் போட்டு வரவழைத்துத் தருவோம், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். கையில் பிடித்துப் பார்க்காமல் லட்ச ரூபாய் கட்ட எனக்கு மனசு வரவில்லை. திரும்பும்போது அல்வா மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் முதலில் தெளிவானது சென்சார் கணக்கு. ஒரு அங்குல சென்சார் என்று சொல்கிறார்களே, அதில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் கிடையாது. 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம். பழைய டிவி கேமராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துப் பேர் சொன்ன வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இந்த சென்சாரைச் சட்டைப் பைக்குள் கொண்டு வந்தது. கேனான் ஜி7எக்ஸ் வரிசையும் அதே அளவுதான். அடுத்த படி ஏபிஎஸ்-சி. ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பு பார்த்தால் ஒரு அங்குலத்தைப்போல மூன்று மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3, புஜிபில்ம் எக்ஸ்100 வரிசை இரண்டும் இந்த அளவு. நடுவில் பானசோனிக் எல்எக்ஸ்100 மார்க் 2. போர் தேர்ட்ஸ் சென்சார், எஃப் 1.7இல் தொடங்கும் ஜூம் (எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும்), கண் வைத்துப் பார்க்க வ்யூபைண்டர். இதை ரொம்ப நாள் பட்டியலில் வைத்திருந்தேன்.

ஜூம் வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் ஒரு மாதம் போனது. ஆர்எக்ஸ்100 மார்க் 7இல், 35 மி.மீ. பிலிம் கணக்கில், 24இலிருந்து 200 மி.மீ. வரை ஜூம் இருக்கிறது. எண் சிறுத்தால் அகலமாகப் பார்க்கும், பெருத்தால் தூரத்தில் இருப்பதை இழுக்கும். அப்பா பனை உச்சியில் பாளை சீவுவதைக் கீழே நின்றே முகத்தருகே இழுத்துவிடலாம். 302 கிராம்தான். ஆசையாக இருந்தது. கூந்தன்குளத்துக்குப் போய் நாரைகளை எடுக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்த 200 முனையில் லென்ஸ் எஃப் 4.5. எஃப் 2 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அப்பா ஏறுவது விடியும் முன்னால். பறவைக்கு 200 எப்படியும் பத்தாது. ஆகவே கூந்தன்குளத்தை விட்டுவிட்டேன்.

ஜூம் வேண்டாம் என்றால் எந்தத் தூரத்து லென்ஸ்? ஜிஆர் 3 என்றால் 28, ஜிஆர் 3எக்ஸ் என்றால் 40, எக்ஸ்100 என்றால் 35. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், வாங்க யோசிக்கிற யாருக்கும் இதைச் சொல்வேன். 35 மி.மீ. பிலிமின் ஒரு கட்டம் 36க்கு 24 மி.மீ. அதை ஐந்து மடங்காக்கி 18க்கு 12 செ.மீ. அளவில் மிக்சி வந்த அட்டைப் பெட்டியில் ஒரு சன்னல் வெட்டினேன். அந்தச் சன்னலைக் கண்ணிலிருந்து பதினேழரை செ.மீ. தள்ளிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் 35 லென்ஸ் பார்ப்பது அப்படியே தெரியும். 20 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 40. பதினாலுக்குக் கொண்டு வந்தால் 28. அட்டையின் ஓரத்தில் ஒரு விளக்குமாற்று ஈர்க்கை ஒட்டி, மூன்று தூரத்துக்கும் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். ஈர்க்கின் நுனி கன்னத்தில் படும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அட்டையோடு விடிலிக்குள் போய் உட்கார்ந்தேன். பருவம் இல்லாத மாதம். அடுப்பு அணைந்து, சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அம்மாவை வழக்கமான இடத்தில் உட்காரச் சொன்னேன். “என்ன மக்கா இது, அட்டைய வச்சு என்னத்தப் பாக்க?” என்றாலும் உட்கார்ந்தார்கள். விடிலி பத்தடி அகலம். நான் உட்காரக்கூடிய ஒரே இடம் வாசல் ஓரம், அம்மாவிலிருந்து ஆறரை அடி. 28இல் அம்மா சிறுத்து, ஓலைச் சுவரின் இடுக்கில் வரும் வெயில் கோடுகள் இரண்டு பக்கமும் உள்ளே வந்துவிட்டன. அந்த வெயில் படத்தின் வெளிச்சக் கணக்கையே கெடுக்கும். 40இல் அம்மாவும் சட்டியும் இருந்தார்கள், அடுப்பு வாய் வெட்டுப்பட்டது. 35இல் அம்மா, சட்டி, அடுப்பு வாய், தள்ளுவதற்கு எடுத்து வைத்த காய்ந்த மட்டை நான்கும் இருந்தன. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே பதில்.

அப்படியும் ஜிஆர் 3எக்ஸ் மேல் ஆசை போகவில்லை. 262 கிராமில் ஏபிஎஸ்-சி சென்சார் என்பது சாமானியமான வேலை இல்லை. உள்ளங்கையில் மறைந்துவிடும், ஒற்றைக் கையால் எல்லாப் பட்டனும் எட்டும். ஊர் சுற்றுகிறவர், தெருவில் படம் எடுக்கிறவர் யாராவது கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் கை காட்டுவேன். எனக்கு மூன்று விஷயம் இடித்தது. லென்ஸ் எஃப் 2.8, அதாவது எஃப் 2இன் பாதி வெளிச்சம். வ்யூபைண்டர் கிடையாது, திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீண்டு வரும், அணைத்தால் உள்ளே போகும்.

இந்த மூன்றாவது எனக்கு ஏற்கெனவே சூடு பட்ட இடம். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஜூம் கேமரா வைத்திருந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், தூசிக்கு எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான். செம்மணல் மேடான தேரிப் பக்கம் ஒரு கோயில் கொடைக்குப் போனபோது காற்றில் பறந்த மண், மாவு மாதிரி, நீண்ட லென்ஸின் குழாயில் ஒட்டியது. அணைத்தபோது அந்த மண்ணையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. கரகரவென்று ஒரு சத்தம். பாதியில் நின்ற லென்ஸ் அதன் பிறகு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சரிசெய்யக் கேட்ட காசில் புதுசே வாங்கிவிடலாம். எங்கள் வீட்டுச் சன்னல் படியை விரலால் தடவினால் எந்த நாளும் செம்மண் ஒட்டும். இந்த ஊரில் நீண்டு மடங்கும் லென்ஸோடு வாழ்வது கஷ்டம். எல்எக்ஸ்100ஐயும் அதனால்தான் பட்டியலிலிருந்து அடித்தேன்.

எக்ஸ்100 வரிசையில் லென்ஸ் அசையாமல் அப்படியே நிற்கும். 2020இல் வந்த எக்ஸ்100விஇல் லென்ஸ் முன்னால் ஒரு அடாப்டர் வளையமும் 49 மி.மீ. கண்ணாடி பில்டரும் போட்டால் தூசி, தூறல் உள்ளே போகாமல் தடுக்கும்படி செய்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் படித்த அன்றே பாதி முடிவாகிவிட்டது. லென்ஸ் எஃப் 2. இலை ஷட்டர், அதாவது ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் இலை உதிர்வது போலத்தான். வ்யூபைண்டரில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் மின்திரையிலிருந்து வெறும் கண்ணாடிக்கு மாறும். பின்பக்கத் திரையை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். விடிலி இருட்டில் ஒரு திரை என் முகத்துக்கு முன்னால் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தால் அம்மா அடுப்பைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள்.

புதிய எக்ஸ்100-6, 2024 பிப்ரவரியில் வந்தது. 40 மெகாபிக்சல், உள்ளேயே ஆட்டம் தாங்கும் சென்சார். விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ஆட்டம் தாங்குவது என் கை நடுங்கினால் உதவும். அம்மாவின் கை சுழல்வதை அது நிறுத்தாது. அதை நிறுத்த வேண்டியது ஷட்டர் வேகமும் லென்ஸ் விடுகிற வெளிச்சமும். இரண்டு கேமராவுக்கும் லென்ஸ் ஒன்றேதான். ஆகவே பழைய வி போதும், செகண்ட் ஹேண்ட் பார்ப்போம் என்று தேடினேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆசிரியர் விற்பதாகத் தெரிந்தது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னார், வளையமும் பில்டரும் சேர்த்து. மேற்கொண்டு பேரம் பேச அவர் இடம் வைக்கவில்லை.

லென்ஸ் கழற்ற முடியாத கேமராவைப் பழையதாக வாங்கும்போது சென்சார் தூசியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே தூசி இருந்தால் நாம் துடைக்க வழியில்லை, பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அவர் வீட்டு மொட்டை மாடியில் எஃப் 16க்குச் சுருக்கி, போகஸ் கலைத்து, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். ஒன்றும் இல்லை. மூடியைப் போட்டு, சென்சாரின் வெளிச்ச உணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றி இருட்டை ஒரு படம் எடுத்தேன், வெள்ளைப் புள்ளி எரிகிறதா என்று. லென்ஸைக் கண்ணுக்கு நேரே வைத்து இலைகள் எண்ணெய்ப் பசை இல்லாமல் விரிந்து சுருங்குகின்றனவா என்று பார்த்தேன். அவர் பொறுமையாக டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க பாக்கற விதத்தப் பாத்தா கேமரா நல்ல இடத்துக்குத்தான் போகுது.” தை கடைசி வாரம் அது.

478 கிராம், ஜிஆரைவிடக் கனம்தான். பேன்ட் பைக்குள் போகாது. டூல் பையில் பழைய பனியன் துணி சுற்றி வைக்கிறேன், பட்டைக் கண்ணியிலிருந்து என் பெல்ட் வளையத்துக்கு ஒரு கயிறு. சூப்பர்வைசர் சாரிடம் கேட்டு, ஆலை நின்று வேலை முடிந்த பிறகு மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேற்கே மகேந்திரகிரி, தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள், அவற்றுக்குப் பின்னால் கடல். கையுறையோடு திருப்பக்கூடிய மாதிரி ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரமும் எஃப் எண்ணுக்கு ஒரு வளையமும் இருப்பது மேலே போன பிறகுதான் எவ்வளவு வசதி என்று தெரிந்தது.

மாசி பிறந்து இரண்டாவது வாரம் விடிலிக்குள் போனேன். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு செகண்ட். பதனீர் பொங்கி வரும் நேரம். அம்மா இடித்து வைத்த ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டார்கள், நுரை அப்படியே அடங்கி இறங்கியது. விரல் சட்டிக்கு மேலே விரிந்து, துகள் விழுந்துகொண்டிருக்கும்போது எடுத்தேன். படத்தில் துகள் தனித்தனியாகத் தெரிகிறது. தீ வலப்பக்கக் கன்னத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. இடப்பக்கம் இருட்டு, இருட்டாகவே இருக்கிறது. கொஞ்சம் மணல்மணலாகப் புள்ளி இருக்கத்தான் செய்கிறது, எனக்கு அது புகை மாதிரியே படுகிறது.

அப்பாவை எடுத்தது அதற்கு அடுத்த நாள். விடியுமுன் கிழக்கே வெளுத்து வந்த நேரம், ஐஎஸ்ஓ 6400. பனைக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து எடுத்தேன். பதினைந்தடி உயரத்தில் இரண்டு பாதமும், நடுவில் தளைநாரும், மேலே இருட்டாக உடம்பும். சில்லாட்டையில் பதனீரை வடிகட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் தெரியாத படத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

“இத இன்னும் பெருசாக்க முடியுமால?”

பாதத்தருகே இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். 26 மெகாபிக்சல், எவ்வளவு இழுத்தாலும் நார் நாராகத் தெரிந்தது. வலது குதிங்காலை ஒட்டி, தளைநாரின் புரிகளில் ஒன்று அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று பாதி தேய்ந்திருந்தது. கால் பக்கம் உள்ளே மடிந்து கிடப்பதால் கழற்றி மாட்டும்போது கண்ணில் பட்டிருக்காது. நான் தினமும் ஏறுமுன் பெல்ட்டின் ஒவ்வொரு தையலையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அருவாப்பெட்டியிலிருந்து தளைநாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அப்புறம் படத்தைப் பார்த்தார்.

“சாயங்காலத்துக்குள்ள புதுசு திரிச்சிருவோம். நீ இன்னைக்கு லீவுதான?”

மட்டையை நசுக்கி நார் உரித்துத் தண்ணீரில் ஊறப் போட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அப்பா திரித்தார். கேமராவை அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மண் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள்.